புத்தூர்க் கூட்டமும் ஒரு பிளேன்ரீயும்

சனிக்கிழமை, இரவு.

இன்று என் மகள் பேசிய புத்தூர்க் கூட்டத்தில் இருந்தபடியே நித்திரையாகிவிட்டேன். திடுக்கிட்டு விழித்துப் பலமாகக் கைதட்டினேன். மண்டபத்தில் தட்டியது நான் மட்டும்தான். மேடையில் நின்றவரோ என் மகளை எதிர்த்துப் பேசியவர்.

கஞ்சாவைச் சட்டம் அனுமதிக்க வேண்டும் என்பது கம்பசில் படிக்கும் என் மகளின் வாதம். "பொட்டலத்தோடை பிடிபடுற பொடியள்தான் மறியலிலை கம்பி எண்ணுறாங்கள். கடலாலை இறக்கிறவனை ஆர் பிடிக்கிறது? சட்டம் அனுமதிச்சா அவன்ரை யாவாரம் படுத்திடும்" என்றாள். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கே அது விளங்கியது. இப்படிக் கதைக்கிறவளை யார் கலியாணம் முடிப்பான் என்பது மனைவியின் கவலை. இன்று மத்தியானம் வரை எனக்கும் அதுதான் கவலை.

கூட்டம் முடிந்ததும், மயிலிட்டியில் படகுகள் வைத்திருக்கும் ஒருவர் தேத்தண்ணிக் கடையில் எனக்குப் பிளேன்ரீ வாங்கித் தந்தார். அவருடைய படகுகள் மீனுக்கு மட்டும் போவதில்லை என்பது ஊருக்கே தெரியும்.

"அண்ணை, பிள்ளை வடிவாக் கதைக்கிறா. நீங்கள் எங்கடை பக்கம் கைதட்டினியள், சந்தோசம்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

"காலமை மதவடிச் சந்தியிலைதானே பஸ் ஏறுறவ? கவனமாப் போகச் சொல்லுங்கோ."

வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள்.

"அவர் என்னப்பா சொன்னவர்?"

"நீ வடிவாக் கதைச்சனியாம்."

அவளுக்குப் பெருமை. "அடுத்த கிழமை உடுப்பிட்டியிலை கூட்டம். முழிப்பா இருந்து சரியான ஆளுக்குத் தட்டுங்கோ."

"ஓம் பிள்ளை, வாறன்" என்றேன்.

அவள் பஸ் ஏறும் சந்தி அவருக்குத் தெரிந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை.