காதில் குரும்பையோடு பால் ஊற்றப் போனேன், மச்சான்

எதிரே உட்கார்ந்தாலும் எப்போதும் என் பக்கமே ஆடிய ஆறுச்சாமி மச்சானுக்கு,

ஊருக்கு முன்னால் நாம் "வாங்க மச்சான்", "சொல்லுங்க மாப்ள" என்றுதான் பேசிக்கொள்வோம். சீட்டுக்கட்டைக் கையில் எடுத்துவிட்டால் மரியாதை எல்லாம் சட்டைப் பைக்குள் போய்விடும். இந்தக் கடிதத்தைக் கட்டைக் கலைத்துப் போட்ட பிறகு எழுதுகிறேன் என்று வைத்துக்கொள். அதனால் நீ, வா, போதான். கோபித்துக்கொண்டாலும் இனி என்னை என்ன செய்துவிடுவாய்?

முதலில் உன்னிடம் ஒரு சண்டை போட வேண்டும். உன் தங்கச்சி சரசுவுக்குச் சீட்டில் இருபத்தெட்டு ஆடத் தெரியும் என்று ஏன் ஒரு நாளும் என்னிடம் சொல்லவில்லை? கட்டிக் கொடுக்கும்போது நன்றாகச் சமைப்பாள், மாட்டைப் பார்த்துக்கொள்வாள், வாய் மட்டும் கொஞ்சம் நீளம் என்றெல்லாம் சொன்னீர்கள். சின்ன வயதில் மழைக்காலம் முழுக்க உன் எதிரே உட்கார்ந்து சீட்டாடியவள் என்பதை மட்டும் அண்ணனும் தங்கையும் சேர்ந்து அமுக்கிவிட்டீர்கள். ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து நான் அளந்த கதைகளையெல்லாம் ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டுக்கொண்டே சோறு போட்டிருக்கிறாள். இப்போது நினைத்தால் வெட்கமாகவும் இருக்கிறது, சிரிப்பாகவும் இருக்கிறது.

இரு, முதலிலிருந்து சொல்கிறேன். நீ போன பிறகு நடந்தது எதுவும் உனக்குத் தெரியாதே.

உன் வருஷத் திதி கழிந்து கொஞ்ச நாளில் எனக்குப் பக்கவாதம் வந்தது. காலையில் வாய் கொப்பளித்தேன், தண்ணீர் இடது ஓரமாகத் தானாக ஒழுகியது. துடைக்கலாம் என்றால் இடது கை என் பேச்சைக் கேட்கவில்லை. சரசு ஒரே ஒரு பார்வை பார்த்தாள், உடனே நம் சீட்டாட்டக் கூட்டாளி திருமூர்த்தியைக் காரோடு கூப்பிட்டுவிட்டாள். பாலக்காட்டு ஆஸ்பத்திரியில், நேரத்தோடு கொண்டுவந்ததால் பிழைத்தார் என்றார்கள். உயிர் தங்கியது. இடது கையும் காலும், வாயில் ஒரு பாதியும் மட்டும் என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் லீவில் போய்விட்டன.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பெரிய கஷ்டம் ஆரம்பித்தது, மச்சான். அது கையிலும் இல்லை, காலிலும் இல்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தால் திரும்பவே தோன்றாது. சவரம் வேண்டாம், குளியல் வேண்டாம், டிவி வேண்டாம். சரசு ஊட்டிவிட்ட சோறு வாயோரம் வழியும்போது அழுகை வரும், அழுதால் இன்னும் வழியும். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் மாத்திரையைத் துப்பித் தலையணைக்கு அடியில் வைப்பேன். சுவரில் நீ மாலையோடு சிரித்துக்கொண்டிருப்பாய். எனக்கும் அங்கே ஒரு இடம் போட்டு வை, சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்று உன்னிடம் நான் சொன்னது விளையாட்டுக்கு இல்லை.

பார்க்க வந்த சொந்தபந்தம் வேறு. ஆளுக்கொரு பிரெட், ஆளுக்கொரு பை ஆரஞ்சு. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "எப்புடி இருந்த மனுசனுங்க! எங்க பெரியப்பனுக்கும் இப்படியேதானுங்க ஆச்சு, அப்பறம் எந்திரிக்கவே இல்லீங்க" என்று ஆறுதல் சொல்வார்கள். இப்படி ஆறுதல் சொல்ல இவர்கள் எங்கே போய்க் கற்றுக்கொள்கிறார்கள்? அவர்கள் போன பிறகு ஆரஞ்சைக்கூட எனக்கு உரிக்கத் தோன்றாது. யாரும் என்னைப் பார்க்கக் கூடாது, வாசல் கேட்டைத் தாண்டி நான் ஒரு நாளும் போகக் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன்.

தலையணை உறையை மாற்றும்போது சரசு மாத்திரைகளைப் பார்த்துவிட்டாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. மறுபடி டாக்டரிடம் கூட்டிப்போனாள். மூளைக்கு அடி விழுந்தால் மனசும் சேர்ந்து படுத்துக்கொள்வது உண்டு, இதுவும் வியாதிதான், இதற்கும் மருந்து உண்டு, இவர் கோழையும் இல்லை சோம்பேறியும் இல்லை என்று அந்த டாக்டர் பொறுமையாகச் சொன்னார். வியாதி என்று ஒரு பெயர் கிடைத்ததே எனக்குப் பாதி பாரம் இறங்கியது போல் இருந்தது. மிச்சப் பாதி மாத்திரையில் மெல்ல மெல்லத்தான் இறங்கியது.

கைகால் பயிற்சிக்குப் பஞ்சாயத்திலிருந்து வீட்டுக்கே ஒரு பெண் வருவாள், அனு என்று பேர். மலையாளமும் தமிழுமாகக் கலந்து பேசுவாள். பந்தைக் கொடுத்தாள், உருட்டிவிட்டேன். துணி முறுக்கச் சொன்னாள், கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு நாள் பொறுமை போய், "அங்கிளே, இந்தக் கைக்கு என்னதான் வேல அறியும்?" என்று கேட்டாள்.

அடுப்படியிலிருந்து உன் தங்கச்சி சொன்னாள்: "அந்தக் கைக்கு ஒரே வேலைதான் தெரியுங் அம்மிணி. சீட்டைப் புடிக்கும், விடாது."

"அப்போ சீட்டு கொண்டுவரட்டே!" என்றாள் அனு.

அடுத்த நாள் மத்தியானம் திருமூர்த்தியும் ரவியேட்டனும் வந்து நின்றார்கள். நமக்கு எதிராக ஆடி ஆடியே தலை நரைத்த அதே ஜோடிதான். பால் சொசைட்டிக்குப் பின்னால் ஷெட்டில் நம் மேஜையில் இப்போது கோழி படுக்கிறதாம். ஆஸ்பத்திரிக்குக் காரை ஓட்டிய திருமூர்த்திக்கு என் முகத்தைப் பார்க்கவே தைரியம் இல்லை, கட்டைக் கலைத்துக்கொண்டே இருந்தான். சரி, மூன்று பேர் ஆகிவிட்டது, நாலாவது ஆள் யார்? சரசு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என் எதிரே, உன் இடத்தில் உட்கார்ந்தாள். "எனக்கும் சேர்த்துப் போடுங்கண்ணா" என்றாள். முதல் ஆட்டத்திலேயே ரவியேட்டன் ஏலத்தில் பதினாறு கேட்டார். இவள் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் "பதினெட்டு" என்றாள். என் வாய் ஏற்கெனவே கோணல், அன்றைக்கு அது திறந்தபடியே நின்றுவிட்டது.

சீட்டைப் பிடிக்க என் இடது கை வரவில்லை. சரசு துணி துவைக்கிற பிரஷ்ஷைக் கொண்டுவந்து மல்லாத்தி வைத்தாள். அதன் முள்ளுக்குள் சீட்டுகளைச் செருகிக்கொண்டு வலது கையால் உருவி உருவி ஆடினேன். காற்று மாசம் என்பதால் ஜன்னலைச் சாத்திவிட்டு வேர்க்க விறுவிறுக்க ஆடினோம். அன்றைக்கு ஜெயித்தோம். மறுநாளும் ஜெயித்தோம். அந்த வாரம் முழுக்க ஜெயித்தோம்.

ஜெயிக்க ஜெயிக்க எனக்கு மனசு சுருங்கிப் போனது. ஏன் என்று உனக்குத் தெரியும். காசு வைத்து ஆடுகிறவர்கள் இல்லையே நாம். தோற்றவன் காதில் குணுக்கு மாட்ட வேண்டும், அதுதான் நம் பக்கத்துச் சட்டம். மரத்திலிருந்து உதிர்ந்த தேங்காய்க் குரும்பையை ஈர்க்கில் கோத்துக் காதில் தொங்கவிட்டுக்கொண்டு, சாயங்காலம் சொசைட்டியில் பால் ஊற்றும் வரிசையில் எல்லோருக்கும் முன்னால் போய் நிற்க வேண்டும். நீயும் நானும் எத்தனை தடவை அந்த வரிசையில் நின்றிருக்கிறோம்! நோயாளி காதில் குணுக்கு மாட்ட அவர்களுக்கு மனசு வரவில்லை, அதனால் தோற்றுத் தோற்றுக் கொடுத்தார்கள். பிரெட்டும் ஆரஞ்சும் கொண்டுவந்தவர்களுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? தோற்பதற்குக்கூட நான் லாயக்கில்லாமல் போய்விட்டேனா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, மச்சான். பழையபடி சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

கேட்டவள் சரசு. அன்றைக்கு நான் இதயம் போட்ட ஆட்டின் சீட்டில் ஒன்பதை இறக்கினேன், திருமூர்த்தி அதே ஆட்டினில் ஏழு போட்டான். பிடி எங்களுக்கு வந்தது. ஆட்டம் முடியும்போது கடைசிச் சீட்டாக அவன் கையிலிருந்து ஆட்டின் ஜாக்கி விழுந்தது. இருபத்தெட்டில் ராஜாவையே தூக்கிச் சாப்பிடுகிறவன் ஜாக்கி. அதை வைத்துக்கொண்டு என் ஒன்பதை வெட்டாமல் விட்டிருக்கிறான்.

சரசு அந்த ஜாக்கியை எடுத்துத் திருமூர்த்தியின் முன்னால் வைத்தாள். "ஏனுங்ண்ணா, ஜாக்கியக் கையில வெச்சுட்டு ஏழைப் போடறீங்களே! எங்கூட்டுக்காரருக்குக் கையிங் காலுந்தானுங்க வரல. கண்ணுமா போச்சு?"

ரவியேட்டன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திருமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டு, "மனசு கேக்கலீங் அம்மிணி" என்றான்.

"கேக்காத மனசை ஊட்ல வெச்சுட்டு வாங்க. ஆடறதா இருந்தா ஆடுங்க" என்றாள்.

ஆடினோம். அப்படி ஒரு ஆட்டம் நீ இருந்தபோதுகூட நடந்ததில்லை. திருமூர்த்தி மேஜையில் அடித்த அடியில் என் பிரஷ் சாய்ந்து சீட்டெல்லாம் தெரிந்துவிட்டது. நான் கத்தினேன், பாதிச் சொல் குழறியது, இருந்தும் அவன் பதிலுக்குக் கத்தினான். சரசு என்னையே திட்டினாள், துருப்பை வீணடித்தேனாம். கடைசியில் தோற்றோம். சந்தேகத்துக்கு இடமில்லாமல், அசிங்கமாகத் தோற்றோம்.

ரவியேட்டன் வாசலில் கிடந்த இரண்டு குரும்பையைப் பொறுக்கி ஈர்க்கில் கோத்துக்கொண்டு வந்தார். சரசு காதை நீட்டி மாட்டிக்கொண்டாள். என் பக்கம் வந்ததும் அவர் கை தயங்கியது. "வேண்டா, இது மதி" என்று, சரசு மாட்டியதே போதும் என்பதுபோல் பின்வாங்கினார்.

"மாட்டுங்க" என்றேன். "இடது காதுல மாட்டுங்க. அந்தப் பக்கத்துக்கும் ஒரு வேலை வேணுமில்லீங்."

பால் ஊற்றும் நேரம் ஆகிவிட்டது. சரசு பால் தூக்கை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தாள், வா என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் போயிருக்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும் போல. வலது கையில் தடியை ஊன்றினேன், இடது காலை இழுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினேன். நம் வீட்டிலிருந்து சொசைட்டி கூப்பிடு தூரம்தான், வழியில் மதகின் மேல் உட்கார்ந்து உட்கார்ந்து போனேன். காற்றில் குரும்பை ஆடி ஆடிக் கன்னத்தில் அடித்துக்கொண்டே வந்தது. திருமூர்த்தியும் ரவியேட்டனும் ஜெயித்த மப்பில் முன்னால் நடந்தார்கள்.

வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஐயோ பாவம் என்று இப்போது யாராவது ஆரம்பிப்பார்கள் என்று காத்திருந்தேன். பால் அளக்கிற அம்மா அளவைக் கையில் பிடித்தபடியே, "ஏனுங்ண்ணா, புருசனும் பொண்டாட்டியும் ஜோடியாத் தோத்துப்போட்டு வந்துட்டீங்களா?" என்றாள். வரிசையே சிரித்தது. நான் எத்தனையில் தோற்றேன், துருப்பு என்ன, ஏன் அங்கே ஒன்பதை இறக்கினேன் என்று ஆளாளுக்குக் கேள்வி. ஒருத்தர்கூட என் காலைப் பார்க்கவில்லை, மச்சான். அத்தனை பேரும் என் காதைத்தான் பார்த்தார்கள்.

நானும் சிரித்தேன். பாதி வாய்தான் சிரித்தது, ஆனால் முழுசாகச் சிரித்தேன். படுக்கையில் விழுந்ததிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு நாளும் இருந்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் கால் மரக்கட்டையாகிவிட்டது, சரசு வெந்நீர் ஊற்றிக்கொண்டே சிரித்துச் சிரித்து அழுதாள்.

இப்போதைய சேதி என்னவென்றால், முதலில் போடும் நாலு சீட்டை இடது விரலிலேயே பிடித்துக்கொள்கிறேன். மிச்சம் நாலும் இன்னும் பிரஷ்ஷில்தான். பிடிக்கிற கையைப் பார்த்து அனு கைதட்டுகிறாள், நழுவினால் அவளே குனிந்து என் சீட்டை எட்டிப் பார்த்துத் திருமூர்த்திக்குக் கண் காட்டுகிறாள். மேஜையிலிருந்து கோழியைத் துரத்திவிட்டார்கள், ஆட்டம் மறுபடி ஷெட்டிலேயே நடக்கிறது. நடந்தே போய்வருகிறேன். இருட்டிக்கொண்டு வரும் நாட்கள் இன்னும் வருகின்றன, வராமல் இல்லை. அன்றைக்குச் சரசு ஒன்றும் கேட்க மாட்டாள், பக்கத்தில் உட்கார்ந்து மொச்சை உரிப்பாள், எனக்கும் ஒரு கைப்பிடி தள்ளிவிடுவாள். மாத்திரையை மட்டும் அவள் கண் முன்னால் விழுங்கிவிடுகிறேன்.

உன்னிடம் அன்றைக்குக் கேட்டதை இன்றைக்குத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். நான் இப்போதைக்கு அங்கே வர மாட்டேன், மச்சான். சத்தியமாகச் சொல்கிறேன், அவசரப்பட மாட்டேன். மருந்தைச் சாப்பிடுவேன், அனு சொல்கிறபடி விரலை மடக்குவேன், எத்தனை தடவை தோற்றாலும் காதை நீட்டுவேன். அதனால் அங்கே உன் எதிரே யாராவது வந்து உட்கார்ந்தால் எனக்காக இடம் பிடித்து வைக்காதே, தாராளமாகச் சீட்டைப் போடு.

எனக்கு இங்கே ஜோடி இருக்கிறது.

உன் தங்கச்சியின் எதிரே உட்கார்ந்திருக்கும்,
மாப்பிள்ளை நாச்சிமுத்து
எலப்புள்ளி