மல்லி சுற்றிய பயிற்சித்தாள்

டீச்சர்,

இன்று காலை கடைக்குப் பழைய பேப்பர் கொண்டு வருகிறவர் ஒரு கட்டு இறக்கினார். தராசில் வைக்கக் கயிற்றை அவிழ்த்தபோது பத்திரிகைகளுக்கு நடுவில் அட்டை கிழிந்த கணக்குக் கொப்பி ஒன்று கிடந்தது. யாருடையதென்று பெயர் இல்லை. உள்ளே விரித்தால் பிழையான விடைகளுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னப் பச்சைப் புள்ளிகள். வேறு எந்த வாத்தியாரும் அப்படிப் புள்ளி வைத்துத் திருத்தி நான் கண்டதில்லை. "பிழையெண்டு குறுக்கால கீற எனக்குக் கை வராது அண்ணை" என்று ஒருநாள் என் கடை வாசலில் நின்று சொன்னீர்கள். பேப்பர்காரர் என்னை இரண்டு தரம் கூப்பிட்டாராம். எனக்குக் காதில் விழவில்லை.

நீங்கள் எனக்குப் படிப்பித்தவர் இல்லை. வயதிலும் என்னைவிட ஐந்தாறு வருசம் இளையவர். ஆனால் எங்கள் கப்பல்துறை ஊரில் எல்லாரும் டீச்சர் என்றதால் எனக்கும் டீச்சர்தான். நீங்கள் போய் ஒரு வருசமாகி உங்கள் ஆட்டைத் திவசமும் முடிந்துவிட்டது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதை நீங்கள் இருக்கும்போது சொல்லாமல் விட்டவன், இப்போது கடைக் கணக்கெழுதும் மேசையில் இருந்து கடிதம் எழுதுகிறேன். என்னைப் போல ஆட்களுக்கு வீரம் இப்படித்தான் வரும்.

கொரோனாவுக்குப் பள்ளிக்கூடம் பூட்டிய முதல் வருசம் நீங்கள் அன்புவழிபுரத்தில் இருந்து ஸ்கூட்டியில் வந்து இறங்கியது நல்ல ஞாபகம். முகக்கவசத்துக்கு மேலே கண்ணாடி புகைத்துப் போயிருந்தது. வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டில் ஸ்மார்ட் போன் இல்லை, போன் உள்ளவர்களுக்கு சிக்னல் இல்லை, பயிற்சித்தாள் போட்டோக்கொப்பி எடுத்துத் தந்தால் கடையில் வைத்துக் கொடுப்பீர்களா என்று கேட்டீர்கள். அரிசி பருப்பு வாங்க எப்படியும் தாய் தகப்பன் என்னிடம் வரத்தானே வேண்டும். நான் இரண்டு பிஸ்கட் பெட்டிகளை மேசைக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒன்றில் புதுத்தாள், மற்றதில் பிள்ளைகள் செய்து திருப்பித் தருவது. திங்கட்கிழமை தவறாமல் வந்து எடுத்துப்போய்த் திருத்திக்கொண்டு வருவீர்கள். எனக்கும் அதில் பெருமைதான். என் கடையே பள்ளிக்கூடம் மாதிரி என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் அளந்து விட்டேன்.

அடுத்த வருசம் எல்லாருக்கும் குணம் மாறிப்போனது. ஊரடங்கு வரும், போகும், திரும்ப வரும். என் கடையைப் பூட்டச் சொன்ன நாட்களில் உருளைக்கிழங்கு முளைவிட்டது, வெங்காயம் அழுகியது. கடலுக்குப் போகிறவர்கள் பிடித்த மீனை விற்க இடமில்லாமல் நின்றார்கள். யார் மேலாவது கோபப்பட வேண்டும் என்று எல்லாருக்கும் இருந்தது, கைக்கெட்டிய தூரத்தில் வாத்திமார் இருந்தார்கள். வீட்டில இருந்து சாப்பிட்டுக்கொண்டு சம்பளம் எடுக்கினம் என்பதுதான் என் கடை வாசலில் அன்றாடக் கதை. சம்பளப் பிரச்சினைக்காக ஆசிரியர்கள் ஒன்லைன் வகுப்பையும் நிறுத்திப் போராட்டம் தொடங்கியபோது அந்தக் கதை இன்னும் சூடானது. எல்லாரிலும் பெரிய சத்தம் என்னுடையது. சாமான் கட்டும் கை ஒருபக்கம், வாய் ஒருபக்கம் என்று வேலை செய்தவன் நான்.

அந்தத் திங்கட்கிழமையும் நீங்கள் புதுத்தாளோடு வந்தீர்கள். போராட்டமெண்டு நிப்பாட்டிப் போட்டு இதென்ன கூத்து என்று நான் கேட்டேன். "போராட்டம் ஒன்லைனுக்கு அண்ணை. இந்தப் பிள்ளையளுக்கு ஒன்லைனே இல்லையே" என்று சிரித்தீர்கள். வாசலில் நின்ற இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். என் கடையில், என் வாசலில், என் கதைக்கு எதிர்க்கதை சொல்லிச் சிரிப்பு வாங்கியது எனக்குச் சுட்டது. இவ்வளவுதான் காரணம், டீச்சர். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்குமென்று நானும் தேடிப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கிழமை சாமான் சுற்றிச் சரை கட்டப் பேப்பர் முடிந்துவிட்டது. ஊரடங்கில் பழைய பேப்பர்காரர் வரவில்லை. பெட்டியில் பிள்ளைகள் செய்து தந்த தாள்கள் இருந்தன, ஒருபக்கம் வெறுமையாக, நல்ல தடிப்பாக. எடுத்துச் சுருட்டி அதில் சீனி கட்டினேன். பிறகு உப்பு. பிறகு மல்லி. அந்த நாட்களில் கொரோனாவுக்கு மருந்தென்று ஊர் முழுக்க மல்லி அவித்துக் குடித்தது. பழைய கொப்பித்தாளில் சாமான் சுற்றித் தருவது எங்கள் கடைகளில் வழமைதானே, யாரும் அதில் என்ன எழுதியிருக்கிறதென்று பார்ப்பதில்லை. நான் பார்த்தேன். பிள்ளைகள் பென்சிலால் எழுதியதை வாசித்துக்கொண்டே சுருட்டினேன்.

அடுத்த திங்கள் நீங்கள் வந்து பெட்டியைப் பார்த்தீர்கள். ஒருத்தரும் கொண்டுவரேல்ல என்றேன். உங்கள் முகம் விழுந்துபோனது. வெயிலில் வீடு வீடாகப் போய்க் கேட்டீர்கள். மற்றத் தாய் தகப்பன்மார், குடுத்ததோ குடுக்கேல்லையோ தெரியாது என்று தோளைக் குலுக்கியிருப்பார்கள். புவனா அப்படி விடவில்லை. மகள் துஷாந்தி நாலாம் வகுப்பு. தாய் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு தாளாகச் செய்ய வைத்து, அவள் கையிலேயே கடைக்குக் கொடுத்து அனுப்பியவர். டீச்சர் இல்லையென்கிறாரே என்று பிள்ளையைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு கடைக்கு வந்தார்.

"அண்ணை, இவள் கொண்டந்து தந்தவளோ, இல்லையோ?"

துஷாந்தி என்னைப் பார்த்தாள். அவள் தந்தது எனக்கு நல்லாகத் தெரியும். தந்துவிட்டு, தோடம்பழ இனிப்பு ஒன்றும் கேட்டு வாங்கிப் போனவள். "நான் காணேல்ல பிள்ளை" என்றேன். வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை பொறுக்காமல் புவனா அவளை றோட்டிலேயே அடித்தார். ஏன் பொய் சொன்னாய், எங்க எறிஞ்சனி என்று கேட்டுக் கேட்டு அடித்தார். நான் தராசுத் தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டு நின்றேன். தட்டு ஏற்கனவே துடைத்திருந்தது.

இரண்டு நாள் கழித்து நீங்கள் வந்தது தாளுக்காக இல்லை, வீட்டுக்கு மல்லி வாங்க. அன்றைக்கு என் கைதான் என்னைக் காட்டிக் கொடுத்தது. பழக்கத்தில் மேலே கிடந்த தாளை இழுத்துச் சுருட்டி, மல்லியைக் கொட்டி, மடித்து நீட்டிவிட்டேன். நீங்கள் வாங்கினீர்கள். பார்த்தீர்கள். மல்லியை ஒரு மணியும் சிந்தாமல் உங்கள் பைக்குள் கொட்டிவிட்டு, தாளை மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவி நீவி நேராக்கினீர்கள்.

"இது துஷாந்தியின்ர எழுத்து" என்றீர்கள்.

மாறி எடுபட்டிட்டுது போல டீச்சர் என்றேன். அவ்வளவு கெதியாக ஒரு பொய் எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. நீங்கள் ஒரு கணம் என்னைப் பார்த்தீர்கள். நம்பவில்லை என்பது எனக்கு விளங்கியது. மிச்சம் இருந்தால் தரச் சொன்னீர்கள். மேசைக்குக் கீழே இருந்து ஏழெட்டுத் தாள் எடுத்துத் தந்தேன். மற்றதெல்லாம் உப்பும் சீனியுமாக வீடுகளுக்குப் போய் அடுப்பில் எரிந்திருக்கும். ஊரில் சொல்லப் போகிறீர்களா என்று கேட்க நினைத்தேன். நீங்களே சொன்னீர்கள்.

"சொன்னா ஆக்கள் உங்கட கடைக்குப் பேப்பர் குடுத்து விடமாட்டினம். எனக்கு வேற இடம் இல்லை அண்ணை."

கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த கிழமை எத்தனை தாள் கொப்பி எடுப்பதென்று யோசிக்கிற குரலில் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தீர்கள். உங்கள் வீட்டுப் பக்கம் திரும்பாமல், புவனா வீட்டு ஒழுங்கைக்குள் போனதைக் கண்டேன்.

அன்று பின்னேரமே கதை வந்துவிட்டது. தாள்களைத் தான்தான் எங்கேயோ தவறவிட்டதாகவும், பிள்ளையில் பிழையில்லையென்றும் டீச்சரே ஒப்புக்கொண்டாராம். மற்ற வீடுகளுக்கும் அதையே சொன்னீர்களாம். அதற்குப் பிறகு ஒரு மாதம் என் கடை வாசலுக்கு வேறு கதை தேவைப்படவில்லை. குந்தியிருந்து சம்பளம் எடுக்கினம், பிள்ளையள் எழுதின பேப்பரைக்கூட ஒழுங்காய் வச்சிருக்க ஏலாது, இவையிட்டயோ பிள்ளையளைக் குடுக்கிறது என்றார்கள். ஒரு நாள் ஒருவர் என் முகத்தைப் பார்த்து, என்ன அண்ணை நான் சொல்லுறது சரிதானே என்று கேட்டார். அவருக்கு அரைக் கிலோ மா நிறுத்துக்கொண்டிருந்தேன். ஓம் என்றேன்.

நீங்கள் திங்கட்கிழமை திங்கட்கிழமை வந்துகொண்டுதான் இருந்தீர்கள். வாசலில் நிற்கிறவர்கள் உங்களைக் கண்டதும் கதையை நிறுத்தி, நீங்கள் போனதும் தொடங்குவார்கள். அது உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. என்னோடு வழமை போலவே கதைத்தீர்கள், வெங்காயம் நல்லதா என்று கேட்டீர்கள். உங்கள் கண்ணைப் பார்க்காமல் இருக்க நான் தராசைப் பார்த்தே பதில் சொல்லப் பழகினேன். வெட்கம் ஒரு பக்கம் இருக்க, உங்கள்மேல் எரிச்சலும் வந்தது. ஒரு நாளாவது என்னோடு சண்டை பிடித்திருந்தால் நானும் திருப்பிக் கத்திச் சரிக்கட்டியிருப்பேன்.

பிறகு பள்ளிக்கூடம் திறக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. பூட்டியிருந்தபோது ஏன் திறக்கவில்லை என்று ஏசிய அதே வாய்கள், இந்த நேரத்தில் திறந்து பிள்ளைகளைச் சாகக் கொடுக்கப் போகிறார்களா என்று கேட்டன. நீங்கள் என்னிடம் சுண்ணாம்பு வாங்கிப்போய் முற்றத்தில் பிள்ளைகள் தள்ளித் தள்ளி நிற்க வட்டம் போட்டீர்கள். முதல் நாள் பாதி வட்டத்துக்கும் ஆள் வரவில்லை என்று கேள்விப்பட்டேன். திருத்தாமல் போன பாடங்களை முதலில் இருந்து படிப்பித்தீர்களாம். அதற்கும் பாடம் பின்னுக்கு நிற்குது என்று முறைப்பாடு வந்தது. நான் அதையும் கேட்டுக்கொண்டு சாமான் கட்டினேன்.

இரண்டு வருசத்துக்குள் உங்களுக்கு வருத்தம் வந்தது, ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தீர்கள், போய்விட்டீர்கள். பார்க்க வரவேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைப்பேன். கடையைப் பூட்ட ஏலாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

இன்று அந்தக் கொப்பியைக் கண்ட பிறகு மத்தியானம் முழுக்க அதையே புரட்டிக்கொண்டிருந்தேன். பின்னேரம் கடையைப் பூட்டிவிட்டுப் புவனா வீட்டுக்குப் போனேன். துஷாந்தி வளர்ந்துவிட்டாள், கதிரை கொண்டுவந்து போட்டாள். நான் இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பு வாங்கிய கோபத்தில் இருந்து மல்லிவரைக்கும், அவளை அடித்தபோது நான் துடைத்த தராசுவரைக்கும். புவனா என்னைக் கிழித்தெறிவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். ஏச்சு வாங்கினால் கொஞ்சம் குறையும் என்று ஒரு ஆசை. கடைக்காரப் புத்தி எங்கே விடும்.

அவர் ஏசவில்லை. வாசல்படியில் அப்படியே குந்திவிட்டார்.

"டீச்சர் வந்து தான் துலைச்சதெண்டு சொன்னவா. நான் படலையைக்கூடத் திறக்கேல்ல அண்ணை. என்ர பிள்ளை வாங்கின அடியை நீங்க வாங்குவீங்களோ எண்டு றோட்டில வச்சுக் கேட்டனான். அவ ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனவ. அந்தக் கோவத்தில செத்த வீட்டுக்கும் நான் போகேல்ல. இவள் அழுதவள், இவளையும் விடேல்ல."

நான் போயிருந்தேன், டீச்சர். முதல் ஆளாக வந்து கதிரை இறக்கினேன். மாலை போட்டேன். எங்கட கடையிலதான் டீச்சர் பிள்ளையளுக்குப் பேப்பர் வைக்கிறவா என்று வந்தவர்களிடம் சொல்லிப் பெருமையும் பட்டேன்.

இப்ப நான் ஆரிட்டப் போய் மன்னிப்புக் கேக்கிறது என்று புவனா என்னைக் கேட்டார். என் வெட்கத்தை இறக்கி வைக்கப் போன இடத்தில் அவருக்கும் ஒன்றைக் கொடுத்துவிட்டு நின்றேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்றுகூட ஒரு நிமிசம் யோசித்தேன், அந்த நினைப்புக்கும் சேர்த்து வெட்கப்பட்டேன்.

துஷாந்தி படலைவரைக்கும் கூட வந்தாள். நான் தந்தனான் எண்டு உங்களுக்கு அண்டைக்கே தெரியும்தானே என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. சரிபார்க்கிறவள் மாதிரிக் கேட்டாள். ஓம் பிள்ளை, தெரியும் என்றேன். தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

அவளுக்கு அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு இத்தனை வருசம் எடுத்தது. உங்களுக்கு அதையும் சொல்லவில்லை. அன்று மேசையில் தாளை நீவிக்கொண்டு என்னைப் பார்த்தீர்களே, அந்தப் பார்வைக்குப் பதில் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. எங்கே போனாலும் அதைக் கொண்டுதான் போகிறேன்.

அது மாறி எடுபடவில்லை, டீச்சர். தெரிந்துதான் எடுத்தனான்.