நாற்பது நாள் தனியறை

நாள் 1, 08:10
நிலவின் தென்முனைக் குடியிருப்பு. பதிவு: கால்நடை மருத்துவர் ரெபேக்கா தனபால்.
இங்கே நாய், பூனைக்கு அனுமதி இல்லை, காற்று போதாது. பாம்பு மாதம் இருமுறை தின்னும், குறைவாக மூச்சுவிடும். ஆகவே வீட்டுக்கு ஒரு பாம்பு, மொத்தம் முப்பது. இன்று சரக்குக் கலத்தில் முப்பத்தொன்றாவது வந்தது: நிர்வாகி கஜேந்திரனின் மலைப்பாம்பு மகாராணி. நாற்பது நாள் தனியறையில் வைக்க எழுதிக் கொடுத்தேன்.

நாள் 1, 17:30
தனியறை காலி. புதுப் பாம்பை வீடு வீடாகத் தூக்கிப்போய், அந்த வீட்டுப் பாம்பின் பெட்டிக்குள் சற்று நேரம் விடுவது இங்கே வழக்கம். சொந்தம் சேர்ப்பது என்பார்கள். நிர்வாகி இன்றே முப்பது வீட்டிலும் சேர்த்துவிட்டார். இன்டர்காமில் கேட்டேன்.
"டாக்டரம்மா, ஊர் கூடிக் கொஞ்சறதுக்கும் உங்ககிட்ட சீட்டு வாங்கணுமா? அது என்ன பரோல்ல வந்த கைதியா?"
பின்னால் பலர் சிரித்தார்கள்.

நாள் 9, 09:00
நான்காம் வீட்டுப் பாம்பு தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு வெளியே வரவில்லை. கிண்ணத்தின் அடியில் உடைத்த மிளகுபோல் கறுப்புப் புள்ளிகள். ஒன்றைக் காகிதத்தில் நசுக்கினேன். சிவந்தது. உண்ணி.
மகாராணியின் கண்ணோரத்திலும் தாடைச் செதில்களின் அடியிலும் கொத்தாக இருந்தன. அறிக்கை கொடுத்தேன். நிர்வாகி தலைப்பைத் 'தூசுத் தொல்லை' என்று மாற்றிக் கோப்பில் வைத்தார்.

நாள் 12, 14:20
முப்பத்தொன்றையும் தனியறைக்குக் கொண்டுவந்தேன். வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம். பிறகு துணியில் மருந்து; கண்ணிலும் வாயிலும் படக்கூடாது. விரிப்புக்குப் பதில் வெறும் காகிதம், தினமும் மாற்ற வேண்டும்.
இது பாதி வேலைதான். உண்ணி முட்டையிடுவது பாம்பின்மேல் அல்ல, பெட்டியின் இடுக்கில். வீடுகளில் உள்ள காலிப் பெட்டிகளை இந்த அறைக்குக் கொண்டுவரலாம், பாம்புகளை வேறிடம் மாற்றிவிட்டு, தீப்பிடித்தால் அறைக் காற்றை வெளியே விடும் தீயணைப்பு வால்வைத் திறந்து காற்றை வெளியேற்றினால் முட்டைகள் காய்ந்து சாகும் என்று நிர்வாகிக்கு எழுதினேன். 'காலி' என்ற சொல்லின் கீழ் இரண்டு கோடு போட்டேன்.

நாள் 18, 10:40
முப்பதில் ஒன்றிலும் உண்ணி இல்லை. மகாராணியின்மேல் மட்டும் ஏழு, எல்லாம் பெண். நிர்வாகியிடம் இன்னும் மூன்று வாரம் கேட்டேன்.
"நாளன்னிக்கு ஆய்வுக் குழு வருது. உண்ணின்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தா என் பதவி போச்சு. காத்தை எடுத்தா சாகும்னு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க?"
பெட்டிகள் என்று எழுதினேன். காலிப் பெட்டிகள்.
"பாம்பு வேற வாங்கிக்கலாம், விடுங்கம்மா."

நாள் 19, 10:50
சாப்பிட்டுத் திரும்பினால் மகாராணியின் பெட்டி திறந்து கிடக்கிறது. நிர்வாகி தன் பாம்பை மட்டும் எடுத்துப் போய்விட்டார். நோய் தீர்ந்த முப்பதையும் காற்றை எடுத்துக் கொல்லப் பார்க்கிறான், நோயைக் கையில் ஏந்திக்கொண்டு போகிறான் இந்த ஆள்.
உள்ளிருந்து கதவைப் பூட்டிக்கொண்டேன். ஆள் இருக்கும் அறையின் காற்றை எடுக்கமாட்டார்கள்.

11:05
இன்டர்காமில் காற்றுப் பொறியாளர் நசீமா:
"அக்கா, வெளிய வந்துருங்க. காத்தை எடுக்க முடியாதுன்னு சொல்லிட்டேன், வால்வு சாவியப் பிடுங்கிட்டாரு. உள்ள ஆள் இல்லன்னு பதிவேட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாருக்கா!"
நான் உள்ளே இருக்கும்வரை துணியமாட்டார், வெளியே வந்தால் முப்பதும் சாகும் என்றேன்.

11:19
அறையின் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கலிலிருந்து 96. வால்வு திறந்ததும் கதவு தானாக இறுகிவிட்டது. தட்டினேன். கத்தினேன். இன்டர்காம் செத்துவிட்டது.

11:22
38. காதில் இரத்தம். பாம்புகள் வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன.
மகாராணி இப்போது அவன் கட்டிலில் இருப்பாள். அந்த ஏழும் தலையணை மடிப்பில் இறங்கும். முட்டையிடும். இடட்டும்.
கண்டெடுப்பவரே, என் பெயரில் பலகை எதுவும் வைக்காதீர்கள். அடுத்த பாம்பு வரும்போது யார் சிரித்தாலும் நாற்பது நாள்

11:2