பத்தரை மணிக்கு எழுந்து நிற்பது

அண்ணனூர்

அன்பு மகள் ரியாவுக்கு அப்பா எழுதுவது. அம்மாவின் முழங்கால் நீங்கலாக இங்கே எல்லாம் நலம். உன் நலத்தையும், உன் கோர்ட்டு மின்விசிறி சுற்றத் தொடங்கிவிட்டதா என்பதையும் எழுது.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் குடும்பக் கூட்டம் கூடி, வரலாற்றுச் சிறப்புள்ள முடிவு ஒன்றை எடுத்தது. காலை பத்தரைக்கு நீ நீதிபதியாகக் கோர்ட்டுக்குள் நுழையும்போது, பார்க்க வந்து கடைசி பெஞ்சிலிருக்கும் நாங்களும் எழுந்து நிற்பது. கூட்டத்தில் இருந்தது நாங்கள் இருவர்தான். அம்மா எதிர்த்தாள். பெத்த பொண்ணுக்கு எதுக்கு எழுந்து நிக்கணும், அவ நிக்கக் கத்துக்கினதே என் வெரலைப் புடிச்சிதானே என்றாள். தலைமை வகித்தவன் என்ற முறையில் தீர்மானம் நிறைவேறியதாக அறிவித்தேன். உனக்கு மட்டும் நிறைவேறிச்சி என்று அவள் திருத்தினாள்.

எனக்கோ ஒரு வாரமாகத் தூக்கமில்லை. உன் தாத்தா பூந்தமல்லி கோர்ட்டில் டவாலி. முன்சீப்புக்கு முன்னால் நடந்து வழிவிலக்கியவர், வாசலில் நின்று ஒவ்வொரு பெயரையும் மூன்று முறை கூவியவர். வீட்டிலும் எங்களைச் சாப்பிட மூன்று முறைதான் கூப்பிடுவார். அப்புறமும் வராதவனுக்கு எக்ஸ்பார்ட்டி, அதாவது ஆளில்லாமலே தீர்ப்பு: சோறு கிடையாது. இப்போது அவர் பேத்திக்கு முன்னால் ஒரு டவாலி நடக்கிறார். இதைப் பார்க்கத் தென்காசி ரயிலில் டிக்கெட் எடுத்தேன், புதுச் சட்டை தைத்தேன், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

கேட்காதவர்களில் ஒருவர் எதிர்வீட்டு அழகேசன். அண்ணாத்தே, ரயிலு எதுக்கு, நம்ம காரு சும்மாதான் கீது, குந்திகினு வா, நான் இட்டாறேன் என்று டீ கொடுத்தார். டீயின் பாதியில்தான் விஷயம் வந்தது. அவர் மச்சானுடைய நிலத் தகராறு பாப்பா கோர்ட்டுலதான் ஓடிக்கினு கீதாம். நீ வாயத் தொறக்கவே வாணாம் அண்ணாத்தே, மச்சான் பக்கத்துல சும்மா குந்தியிரு, வக்கீலுங்க பாத்துக்குவாங்க என்றார். வழக்குக்காரர் வாங்கிக் கொடுத்த டீயைத் தாத்தா தொட்டதில்லை. நான் மீதிப் பாதியை வைத்துவிட்டு வந்தேன்.

ரயிலில் வந்தாலும் அந்த மச்சான் தேடி வந்து பக்கத்தில் உட்காருவார். உன் கோர்ட்டில் நான் எங்கே உட்கார்ந்தாலும் அது ஒரு மனுவாகிவிடும். எனவே டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். அந்த வழக்கு முடிந்ததும் வருகிறோம். நில வழக்கு முடிய வருடங்களாகும் என்பதால், சட்டையைக் கொஞ்சம் தளர்வாகத் தைத்தது நல்லதாயிற்று. மச்சான் பெயரை நான் கேட்கவில்லை, நீயும் கேட்காதே. அம்மா சுட்ட முறுக்கு கூரியரில் வருகிறது. கிறிஸ்துமஸுக்கு நீ வந்துவிடு, இங்கே உனக்கு யாரும் எழுந்து நிற்கமாட்டோம்.

மாதா உன் நாற்காலியையும் உன்னையும் காக்கட்டும். மதியச் சாப்பாட்டை வாய்தா போடாதே.

உன் அப்பா
அருள்தாஸ்

பி.கு.: இன்று காலை பத்தரைக்கு அம்மா சோபாவிலிருந்து எழுந்து நின்றாள். அவள் டீ ஆறிப்போனது.