பீலிக்ஸுக்குச் சீருடை வேண்டாம்

அனுப்புபவர்:
திருமதி அகஸ்ரீனா பீலிக்ஸ்,
கால்சா, பலெர்மோ.

பெறுபவர்:
வண. பொறுப்புச் சுவாமி அவர்கள்,
தமிழ்க் கத்தோலிக்கப் பணியகம்,
பலெர்மோ.

விடயம்: சிற்றாலய நினைவுப் பலகையிலிருந்து என் கணவரின் படத்தை எடுத்தல்.

மதிப்பிற்குரிய சுவாமி,

1. போரில் இறந்த போராளிகளுக்காக நம் சிற்றாலயத்தில் வைத்த பலகையில் என் கணவரின் படமும் இருப்பதைக் கடந்த ஞாயிறு பூசையில்தான் கண்டேன். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. செபத்துக்கென்று நினைவுக் குழுத் தலைவர் ஜோக்கிம் வாங்கிச்சென்ற கலியாணப் படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். கழுத்துக்குக் கீழே உள்ள சீருடையும் துவக்கும் வேறு யாருடையவையோ.

2. பீலிக்ஸ் பேசாலையில் கடற்றொழில் செய்தவர். மீன்பிடிக்கப் போன இடத்தில் எறிகணை விழுந்து, செல்லடி பட்டு இறந்தார். பெருநாளில் சீனவெடி கொளுத்தினால் காதைப் பொத்திக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் ஒளிக்கிற மனுசன், சுவாமி. ஊரே சிரிக்கும், அவரும் சேர்ந்து சிரிப்பார். அவர் கையில் துவக்கைக் கண்டதும் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகுதான் அழுதேன்.

3. ஜோக்கிமிடம் கேட்டேன். “வீரன் எண்டு மதிச்சுத்தானே அக்கா போட்டனாங்கள்” என்றார். நல்ல பிள்ளை, கெட்ட எண்ணம் இல்லை. இப்போது, படத்தை எடுப்பது துரோகம் என்று ஒரு பகுதியினரும், கோவிலுக்குள் துவக்குப் படமே கூடாது, முழுப் பலகையையும் கழற்று என்று மறு பகுதியினரும் சண்டை பிடிக்கிறார்கள். இரு பகுதியினரும் என் கையெழுத்துக் கேட்கிறார்கள். பலகையைக் கழற்றும்படி நான் கேட்கவில்லை. செலஸ்ரீனா அக்காவின் மகன் போராடவென்று தானே விரும்பிப் போனவன். அவனுடைய படத்தைத் தொட்டுத்தான் அவர் செபிக்கிறார். அது அவருக்கு இருக்கட்டும்.

4. என் கவலை மகள் அமலினி. தகப்பன் இறந்தபோது அவள் கைக்குழந்தை. இறந்தோர் திருநாளுக்கு முந்திய இரவு, இறந்தவர்கள் வந்து பிள்ளைகளுக்குச் சீனிப் பொம்மை வைத்துவிட்டுப் போவார்கள் என்பது இவ்வூர் வழக்கம். வருடாவருடம் அப்பாவைக் காத்திருப்பாள். பலகையைப் பார்த்த பின், “இந்த முறை அப்பா வரவேண்டாம் அம்மா, எனக்குப் பயமாக்கிடக்கு” என்கிறாள்.

ஆகையால், திருநாளுக்கு முன் அப்படத்தை எடுத்து, இத்துடன் இணைத்துள்ள படத்தை ஏனைய இறந்தோரின் படங்களுடன் பீடத்தருகே வைக்குமாறு தயவாய் வேண்டுகிறேன். இதில் நீலச் சட்டை போட்டிருக்கிறார். நான் விட்ட பகிடிக்குக் கண்ணை மூடிச் சிரிக்கிறார். அதைத் திருத்த வேண்டாம், அவர் அப்படித்தான்.

பொம்மையை இந்த வருடமும் வாங்கி ஒளித்து வைத்துவிட்டேன். கொண்டுவருகிறவருக்கு அவள் கதவு திறக்க வேண்டும், சுவாமி.

பலெர்மோ
18 ஒக்ரோபர் 1996

தங்கள் பணிவுள்ள,
அகஸ்ரீனா பீலிக்ஸ்