துவைக்கிற கல்லுக்கு முன்னால்

ஞாயிற்றுக்கிழமைகளைத் தோட்டத்தில் விரித்துப் போட்ட என் அப்பாவுக்கு,

பத்து நாளுக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை, தம்பியின் பள்ளிக்கூடக் கால்சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் ஏதோ நெருடியது. பார்த்தால், பிரிக்காத ஷாம்பு பாக்கெட். நீ எப்போதும் வாங்குகிற அதே பச்சைப் பாக்கெட். ஓரமெல்லாம் கசங்கி, எழுத்து தேய்ந்துபோயிருந்தது. எத்தனை நாளாக அதை வைத்துக்கொண்டு அலைகிறானோ.

கால்சட்டை காய்ந்ததும் பாக்கெட்டை அதே பையில் திரும்ப வைத்துவிட்டேன். அது எதற்கென்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

நீ பேனர் கட்டுகிற வேலைக்குப் போனாய். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், சாவு, எதுவானாலும் மூங்கில் நட்டுக் கட்டுவது நீதான். முடிந்ததும் அவிழ்ப்பதும் நீதான். அவிழ்த்ததைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வருவாய். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தில், கைப்பம்பிலிருந்து துவைக்கிற கல் வரைக்கும் அதை விரிப்பாய். அந்தப் பக்கம் தரை கொஞ்சம் சரிவு, பிள்ளைகள் சறுக்கி விளையாட வசதி. இரண்டு குடம் தண்ணீர், ஒரு ஷாம்பு பாக்கெட். சோப்புத்தூள் என்றால் பிள்ளைகளுக்குக் கண் எரியும் என்பாய். பக்கத்து வீட்டுக்காரர்கள் பிச்சாவரம் போய்ப் படகில் ஏறிய படங்களை போனில் காட்டினால், "எங்க வூட்டுப் படகுக்குத் துடுப்பே வாணாம்" என்று சொல்லிச் சிரிப்பாய்.

உனக்கு ஒரே ஒரு சட்டம்தான். படம் போட்ட பக்கம் தரையைப் பார்த்து இருக்க வேண்டும். "யாரு மூஞ்சியா இருந்தாலும் மிதிக்கக் கூடாது." மாப்பிள்ளை, பொண்ணு, எம்.எல்.ஏ. எல்லாரும் எங்களுக்கு அடியில் குப்புறப் படுத்திருப்பார்கள். நீ கடைசியில், துவைக்கிற கல்லுக்கு முன்னால், கையை விரித்துக்கொண்டு நிற்பாய். சறுக்கி வருகிற பிள்ளை உன் காலில் வந்து மோதும். நான் பெரியவளான பிறகு கூச்சப்பட்டு நிறுத்திவிட்டேன். தண்ணீர் ஊற்றுவது மட்டும் என் வேலையானது.

நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததை எழுத எனக்கு வரவில்லை. பேனர் கடையில் எல்லாரும் சேர்ந்து உனக்குப் பெரிய பேனர் போட்டார்கள். அதைக் கட்ட அன்றைக்கு ஆள் தேடினார்கள், அப்பா. முப்பதாம் நாள் பூசை வரைக்கும் நீ தெருமுனையில் நின்றாய். தங்கச்சி ஸ்டெல்லா கோயிலில் முதல்முதலாக நன்மை வாங்கிய புதுநன்மை அன்று எடுத்த படம் அது. பக்கத்தில் நின்ற என்னை வெட்டிவிட்டு உன்னை மட்டும் போட்டார்கள். ஆனால் உன் தோளில் நான் வைத்திருந்த இரண்டு விரல்கள் போகவில்லை. ஒவ்வொன்றும் வாழைப்பழம் அளவுக்குப் பெரிதாகி அங்கேயே இருக்கின்றன. வேறு யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அம்மா இப்போது சிதம்பரத்தில் ஒரு ஹாஸ்டலுக்குச் சமைக்கப் போகிறாள். விடியற்காலை பஸ்ஸில் போனால் பொழுது சாய்ந்துதான் கடலூர் திரும்புகிறாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மதியம். வீட்டில் நானும் பிள்ளைகளும்தான். வகுப்பில் எழுந்து பதில் சொல்லச் சொன்னால் தொண்டை அடைக்கிறது என்று ஒன்பதாவதோடு நின்றவள் நான். நீயும் "சரி வுடு" என்றாய். போய்த்தான் ஆகவேண்டும் என்று அன்றைக்கு நீ திட்டியிருக்கக் கூடாதா? இப்போது இரண்டு பிள்ளைகள் கேட்பதற்கெல்லாம் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு வருவதே இல்லை.

நீ கொண்டுவந்த பழைய பேனர் ஒன்றுகூட மீதியில்லை. சில கிழிந்துபோயின, ஒன்று சமையல்கட்டுக் கூரைமேல் கிடக்கிறது. பரண்மேல் இருந்தது உன்னுடையது மட்டும்தான். அம்மா சுருட்டி, பழைய புடவையால் கட்டி வைத்திருந்தாள். அந்தப் பச்சைப் பாக்கெட்டைப் பார்த்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மா வருவதற்கு முன்னால், அதை நான் இறக்கினேன்.

உன் சட்டப்படி படத்தைக் கீழே வைத்து விரித்தேன். பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்த தம்பி ஜெரோம் நின்றுவிட்டான்.

"யக்கா, இது அப்பா பேனருதான?"

"ம்."

"அப்பா மூஞ்சி மண்ணுல கெடக்குது. மூச்சு முட்டும்."

ஆறு வயதுப் பிள்ளைக்கு நான் என்ன சொல்வது? நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

"டேய் லூசு, படத்துக்கு ஏதுடா மூச்சு?" என்றாள் ஸ்டெல்லா.

"நீ குப்புற படுத்துப் பாரு. அப்பத் தெரியும்."

"திருப்பிப் போட்டா மிதிபடும். அப்பா மிதிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"நான் எங்க மிதிக்கிறேன்? படுத்துக்கிட்டே போவேன். அப்பா வயித்து மேல நான் படுத்ததே இல்லியா?"

இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் குடத்தைப் பார்த்தேன். கடைசியில் அவர்களே ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் திருப்பினார்கள். நீ வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாய்.

ஜெரோம் உன் கன்னத்தில் கன்னத்தை வைத்து, கையைக் காலை விரித்துச் சறுக்கினான். நீ போன பிறகு அவன் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். ஸ்டெல்லா சிரித்தாள். நானும் சிரித்தேன், பொய் சொல்லவில்லை. குடம் குடமாக ஊற்றிக்கொண்டே இருந்தேன். கல்லுக்கு முன்னால் யாரும் இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நான்காவது தடவை அவன் மோவாய் கல்லில் போய் இடித்தது.

அவன் வீறிட்டு அழவும் அம்மாவும் அத்தையும் உள்ளே வரவும் சரியாக இருந்தது. சிதம்பரத்தில் இருக்கிற உன் அக்கா, அம்மாவோடு பஸ்ஸிலேயே வந்திருந்தாள்.

"அடிப்பாவிங்களா! செத்தவன் மேல சறுக்கி வெளையாடுற வூட்ட இன்னக்கித்தான்டி பாக்குறேன். எந்தம்பி என்ன ஒங்களுக்கு மிதியடியா?"

அம்மா சத்தம் போடவில்லை. தம்பியின் மோவாயைத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "யாருடி எறக்குனது?" என்றாள்.

ஸ்டெல்லா ஒரு தடவை என்னைப் பார்த்தாள். "நான்தாம்மா. ஸ்டூல் போட்டு ஏறுனேன்" என்றாள். அறை அவளுக்கு விழுந்தது. ஒன்பது வயசுப் பிள்ளை, அப்பா. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

"இது இங்க இருந்தா மிதிபட்டே அழிஞ்சிபூடும்" என்றாள் அத்தை. "அடுத்த ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்கிட்டுப் போறேன். எங்க வூட்டுல மாட்டி வெச்சிக்கிறேன்." சொல்லிக்கொண்டே முந்தானையால் உன் முகத்து நுரையைத் துடைத்தாள். பார்த்துப் பார்த்து, காதோரம் வரைக்கும் துடைத்தாள். "எடுத்துக்குங்க அண்ணி" என்றாள் அம்மா. யார்மேல் தப்புச் சொல்ல?

அதற்குப் பிறகு ஜெரோம் தோட்டத்துப் பக்கமே போகவில்லை. "எதுக்குடி பொய் சொன்ன?" என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன். "நீ பேச மாட்டன்னு தெரியும்க்கா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இந்த வியாழக்கிழமை கால்சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில் இன்னொரு பச்சைப் பாக்கெட் இருந்தது. புதுசு.

இன்றைக்கு அத்தை வந்தாள். அம்மா பேனரை இறக்கி வாசலில் சாய்த்து வைத்தாள். டீ குடித்து முடித்ததும், "சகாயம், இதத் தூக்கிக்கிட்டு அத்தைய பஸ் ஏத்திவுட்டுட்டு வா" என்றாள். நான் உன்னைப் போலவே அதைத் தோளில் தூக்கி வைத்தேன். ஸ்டெல்லா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

"அம்மா, அன்னக்கி எறக்குனது நான்" என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அதனால் இன்னொரு தடவை சொன்னேன்.

பேனர் கடைசியில் சிதம்பரம் போகுமா, இங்கேயே இருக்குமா, நான் சொல்லி எதுவும் மாறுமா, தெரியாது அப்பா. உன்னை வைத்துக்கொள்ளும் வழி எனக்கு எப்போதுமே தெரிந்ததில்லை. ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். இந்த வீட்டுப் பிள்ளைகள் இனி கல்லில் போய் இடிக்க மாட்டார்கள்.

அம்மாவிடம் சொல்லிவிட்டு, பேனரோடு தெருப்பக்கம் போகாமல் தோட்டத்துப் பக்கம் போனேன். பின்னால் அத்தை ஏதோ கேட்டாள். கைப்பம்படியில் புடவைக் கட்டை அவிழ்த்து, படம் மேலே தெரிய, உன்னை விரித்தேன். ஸ்டெல்லா குடத்தோடு வந்தாள். ஜெரோம் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக்கொண்டே வந்தான். நான் துவைக்கிற கல்லுக்கு முன்னால் போய், கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

உன் தோளில் கை வைத்த மூத்த பொண்ணு,
சகாயமேரி