ஆற்றோடு போன கறுப்புப் பை

மச்சி,

இன்று காலை லஸ் முனையில் மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா கைதவறி இன்சுலின் குப்பியைக் கீழே போட்டுவிட்டார். சின்னக் குப்பிதான், உடைந்த சத்தம்கூடப் பெரிதாக இல்லை. ஆனால் ஒரு வாடை எழுந்தது பார், பிளாஸ்திரியும் ஆஸ்பத்திரி வராண்டாவும் கலந்த மாதிரி, நான் அப்படியே நின்றுவிட்டேன். அது உன் வாடை. பதினெட்டு வயதிலிருந்து உன் சட்டைப் பையிலும் விரல் நுனியிலும் இருந்தது. கடைக்காரர் "இன்னா சார் வோணும்?" என்று இரண்டு தடவை கேட்டார். வந்த காரியம் மறந்துபோய், இருமல் மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

நீ போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. அந்த வாடை என்னைச் சாந்தோமில் உன் வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கியிருக்கலாம், நீ பி.டி. மாஸ்டராக விசில் ஊதிக்கொண்டிருந்த பள்ளி மைதானத்தில் இறக்கியிருக்கலாம். அதெல்லாம் இல்லை. பெரு நாட்டில், அமேசான் காட்டுக்குள், ஒரு சேற்றுக் கரையில் இறக்கிவிட்டது.

உன் அறுபதாவது பிறந்தநாளுக்குச் சர்ச்சில் பூசை வைத்து, சொந்தக்காரர்களுக்குப் பிரியாணி போடலாம் என்றாள் உன் மனைவி ரீட்டா. நீ அமேசான் காட்டைப் பார்க்க வேண்டும் என்றாய். லிமாவில் வேலை பார்க்கும் உன் மகள் உடனே டிக்கெட்டும் போட்டு, காட்டுக்குள் ஒரு லாட்ஜில் இடமும் பிடித்துவிட்டாள். ஆனால் அவளுக்கு விடுப்பு கிடைக்கவில்லை, ரீட்டாவுக்கு முட்டி வலி. துணைக்கு யார் என்று பார்த்தால், தரமணி ஆபீசிலிருந்து ஓய்வு பெற்று மந்தைவெளி வீட்டில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த நான் அகப்பட்டேன். லாட்ஜ் என்றதும் எனக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன்தான் நினைவுக்கு வந்தது. "மூட்டைப்பூச்சி இருக்குமாடா?" என்று கேட்டேன். "அதைத் திங்கறதுக்குப் பல்லி இருக்கும், பல்லியைத் திங்கறதுக்குப் பாம்பு இருக்கும், நீ பயப்படாத" என்றாய்.

கிளம்புவதற்கு முன்னால் ரீட்டா என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டாள். "அண்ணா, இவர் யார்கிட்ட வேணும்னாலும் பேசிக்கிட்டு நிப்பாரு. ஊசியை மட்டும் நீங்க பாத்துக்கோங்க. உங்களை நம்பித்தான் அனுப்பறேன்" என்றாள். அவள் சொன்னதன் கனம் எனக்குத் தெரியும். வயதானவர்களுக்கு வரும் சர்க்கரை இல்லை உன்னுடையது. உன் உடம்பில் இன்சுலின் சுரப்பதே இல்லை. ஊசி இல்லாமல் ஒரு நாளை ஓட்டலாம், அதற்குமேல் உயிருக்கே ஆபத்து. நான் தலையாட்டினேன். நான் எப்படிப்பட்ட காவல்காரன் என்பது அதற்கு முந்தைய வாரமே கிண்டியில் தெரிந்துபோயிருந்தது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போடப் போனோம். நர்ஸ் ஊசியை எடுத்ததும் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தினமும் நாலு தடவை குத்திக்கொள்ளும் நீ, என் தலையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், புள்ளைக்கு ஒரு மிட்டாய் குடுங்க" என்றாய்.

இன்சுலினை இரண்டு பங்காகப் பிரித்து உன் பையில் பாதி, என் பையில் பாதி என்றுதான் கொண்டுபோனோம். ஆற்றங்கரை ஊரில் தங்கிய ஓட்டலில் எல்லாவற்றையும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தோம். மறுநாள் வெளியே எடுத்தபோது, அவசரத்தில், முழுவதையும் உன் கறுப்புத் தோள்பையிலேயே திணித்துக்கொண்டாய். நான் பாஸ்போர்ட்டைத் தேடிக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை.

லாட்ஜுக்காரர்கள் அனுப்ப வேண்டிய படகு துறையிலேயே பழுதாகி நின்றது. நம்மைக் கூட்டிப்போக வந்த கைடு வில்சன், நம் வயதுக்காரர், கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தவர், உள்ளூர் ஜனங்கள் போகும் படகில் நம்மை ஏற்றினார். அவர் பெயரைக் கேட்டதிலிருந்தே நீ தலைகால் புரியாமல் இருந்தாய். "நம்ம சர்ச் பங்குல மூணு வில்சன் கீறாங்க மச்சி!" படகில் நிற்க இடமில்லை. வாழைத்தார், கோழிக்கூடை, மண்ணெண்ணெய் டின், குழந்தைகள். உனக்குக் கிடைத்த இடத்தை ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு எழுந்து நின்றாய். தோளில் தொங்கிய பை எல்லோரையும் இடித்தது. அப்போதுதான் நீ அந்தக் காரியத்தைச் செய்தாய். பக்கத்துப் பலகையில் உட்கார்ந்திருந்த, பச்சை ரவிக்கை போட்ட ஒரு அம்மாவின் மடியில் பையை வைத்துவிட்டு, சிரித்துவிட்டு, மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டாய். அந்த அம்மாவும் சிரித்தார். நம் ஊர் பஸ்ஸில் வாழ்நாள் முழுக்க அப்படித்தானே போனோம். நின்றுகொண்டு வருபவன் பையை உட்கார்ந்திருப்பவன் வாங்கி வைத்துக்கொள்வான், கேட்கக்கூட வேண்டாம். எனக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை.

சாயங்காலம் ஆகும் நேரத்தில் வில்சன் "இறங்குங்க, இறங்குங்க" என்று கத்தினார். படகு கரையில் நிற்கவில்லை, உரசிக்கொண்டு போனது. பெட்டிகளை யாரோ தூக்கி எறிந்தார்கள், நாம் முழங்கால் சேற்றில் குதித்தோம். லாட்ஜின் சின்னப் படகு அங்கே காத்திருந்தது. பெரிய படகு வளைவில் மறைகிற நேரத்தில் நீ உன் தோளைத் தடவிப் பார்த்தாய்.

"பை?" என்றேன்.

நீ ஆற்றைப் பார்த்தாய். மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது.

நான் கத்திய கத்தலில் மரத்திலிருந்த பறவைகள் எழுந்து பறந்தன. "லூசாடா நீ? இது இன்னா, பட்டினப்பாக்கம் பஸ்ஸா? யாருன்னே தெரியாதவங்க மடியில உசுரை வெச்சிட்டு வந்து நிக்கறியே!" உன்னைத் திட்டி முடித்து வில்சனைத் திட்டினேன், பிறகு உன் மகளை, பிறகு பெரு நாட்டையே. துரத்துவோம் என்றேன். சின்னப் படகில் லாட்ஜ் வரை போகத்தான் எண்ணெய் இருக்கிறது, பெரிய படகின் வேகத்துக்கு ஈடு கொடுக்காது என்றார் வில்சன். ஊருக்குத் திரும்புவோம் என்றேன். இருட்டிவிடும், ஆற்றில் மரக்கட்டைகள் மிதந்து வரும், இருட்டில் மோதினால் எல்லோருமே போய்விடுவோம், விடிந்ததும் கிளம்பலாம் என்றார். லாட்ஜில் வயர்லெஸ் இருக்கிறது, ஆற்றின் கீழ்ப்போக்கில் இருக்கும் கிராமங்களுக்குச் சொல்லிப் பார்க்கலாம் என்றார்.

"இன்னாத்துக்குடா கத்துற?" என்றாய் நீ, ரொம்ப நிதானமாக. "பஸ்ல பின்னாடி நின்னுக்கினு டிக்கெட்டுக்குக் காசு பாஸ் பண்றோம். முன்னாடி கண்டக்டர் வரைக்கும் போய் சில்லறையோட திரும்பி வரலியா? ஒருத்தனாவது எடுத்து பாக்கெட்ல போட்டுக்கினானா? பை வரும்டா."

உன்னை ஆற்றில் தள்ளிவிடலாம் போல இருந்தது.

வேறு நாளாக இருந்தால் அந்த லாட்ஜைப் பார்த்து வாயைப் பிளந்திருப்பேன். கட்டைக் கால்கள்மேல் நின்ற மர வீடுகள், ஓலைக் கூரை, கொசுவலை கட்டிய கட்டில், ஜன்னலுக்கு வெளியே கை எட்டும் தூரத்தில் காடு. நான் உன் முகத்தைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை. சமையல் பார்க்கும் ரோசா என்ற அம்மா வயர்லெஸ் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு கிராமமாகக் கூப்பிட்டார். அவர் பேசியதில் "இந்தியா" என்ற ஒரு சொல்தான் எனக்குப் புரிந்தது. இரைச்சலுக்கு நடுவில் யாரோ பதில் சொல்லும்போதெல்லாம் நான் வில்சனைப் பார்ப்பேன். அவர் தலையை இடவலமாக ஆட்டுவார். கடைசி கிராமம் பதிலே சொல்லவில்லை.

ரோசா கொண்டுவந்த சோற்றை நீ தொடவில்லை. சாப்பிட்டால் சர்க்கரை இன்னும் ஏறும். தண்ணீர் மட்டும் கேட்டாய். ஒரு சொம்பு, பிறகு இன்னொன்று, பிறகு ஜாடியையே பக்கத்தில் வைத்துக்கொண்டாய். தாகம் எதற்கு அடையாளம் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சர்க்கரையைப் பார்க்கும் மெஷினும் அந்தப் பையில்தான் இருந்தது. "ஒண்ணும் ஆவாது மச்சி, நீ படு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். கொஞ்சம் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பதுபோல. உனக்கு எதுவுமே உறைக்கவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. இரவு முழுக்க நீ எழுந்து எழுந்து போனாய், நான் டார்ச் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தேன்.

வெளுக்கும்போது வாந்தி எடுத்தாய். உன் மூச்சு வேகமாக இருந்தது, அதில் அழுகப் போகும் பழத்தின் வாசனை. சின்னப் படகில் பாய் போட்டு உன்னைப் படுக்க வைத்தோம். வில்சன் மோட்டாரை முடுக்கினார். ஊருக்குப் பல மணி நேரம் போக வேண்டும். ரீட்டாவிடம் என்ன சொல்வது என்று வாக்கியம் தேட ஆரம்பித்திருந்தேன். எதை எடுத்தாலும் பாதியில் நின்றது.

நாம் இறங்கிய சேற்றுக் கரையைத் தாண்டிப் பெரிய ஆற்றில் நுழைந்ததும், கீழ்ப்பக்கத்திலிருந்து ஒரு ஓடம் வந்தது. அதில் ஒரு ஆள் துடுப்பை விட்டுவிட்டு எழுந்து நின்றான். இரண்டு கையாலும் எதையோ தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். கறுப்பாக இருந்தது. வில்சன் என்னவோ கத்தினார். கிட்டே வந்ததும், ஜிப்பில் ரீட்டா கட்டிவிட்ட வேளாங்கண்ணி மாதா படம் ஆடுவது தெரிந்தது.

பச்சை ரவிக்கைக்கார அம்மா தன் கிராமத்தில் இறங்கும்போது பையைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்திருக்கிறார். அவர் கடைசி கிராமத்துக்காரர். அங்கே வயர்லெஸ் பதில் பேசும் பாகம்தான் கெட்டிருந்தது, கேட்கும் பாகம் வேலை செய்தது. விடிவதற்கு முன்பே ஓடம் ஓடமாகக் கைமாறி வந்திருக்கிறது. இந்தக் கதையை வில்சன் பிறகுதான் சொன்னார். அப்போது எனக்குக் கேட்க நேரமில்லை. பையைப் பிடுங்கி இன்சுலின் பேனாவை எடுத்து உன் கையில் வைத்தேன்.

உன்னால் அளவு வைத்து அதைத் திருக முடியவில்லை. இரண்டு முறை நழுவிப் பாயில் விழுந்தது. என்னை நிமிர்ந்து பார்த்து, "நீ போடுறா" என்றாய்.

நான். கிண்டியில் கண் இருட்டிய நான். எத்தனை யூனிட் என்று நீ சொன்னாய், நான் திருகினேன். உன் சட்டையைத் தூக்கி, வயிற்றுச் சதையைப் பிடித்து, ஆடுகிற படகில் குத்தினேன். முடித்துவிட்டுத்தான் அழுதேன்.

"செத்துடுவேன்னு நெனச்சேன்டா" என்றாய், வானத்தைப் பார்த்தபடி.

"அப்புறம் ஏன்டா நைட்டு ஃபுல்லா ஒண்ணும் ஆவாது, ஒண்ணும் ஆவாதுன்ன? பை வரும்னு நெஜமாவே நம்புனியா?"

"பாதி நம்புனேன். மீதி உனக்காவ சொன்னேன். நீதான் ஏற்கெனவே கத்திக்கினு இருந்தியே. ரெண்டு பேரும் கத்துனா யாருடா யாரைப் புடிக்கறது?"

ஊரில் டாக்டர் சலைன் ஏற்றி, ஒரு நாள் படுக்க வைத்தார். எழுந்ததும் திரும்ப அதே லாட்ஜுக்குப் போக வேண்டும் என்று அடம் பிடித்தாய், போனோம். இந்தத் தடவை பையை நான் மாட்டிக்கொண்டேன், தூங்கும்போதும் கழற்றவில்லை. வீடு திரும்பியதும் நீயே ரீட்டாவிடம் எல்லாவற்றையும் சொன்னாய். அந்தக் கதையில் நான்தான் கோமாளி. அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நீ பயந்ததை மட்டும் விட்டுவிட்டாய், நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.

போன வருடம் அடையாறு ஆஸ்பத்திரியில் உன் சிறுநீரகம் கைவிட்டபோது, நீ ஒரு நாள் சாயங்காலம் சொன்னாய்: "ஒண்ணும் ஆவாது மச்சி. நீ வீட்டுக்குப் போய்ட்டு காலைல வா." கொஞ்சம் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பதுபோல. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். திட்டினாய். பிறகு போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாய். அந்தப் பக்கம் ரீட்டா இருந்தாள். காலை காபி வருவதற்கு முன்னால் நீ போய்விட்டாய். நான் அங்கே இருந்தேன்டா. அந்த ஒன்றில் எனக்குக் குறையில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ரீட்டா போன் செய்தாள். "ஒண்ணும் இல்லண்ணா, சும்மாதான் போட்டேன். நான் நல்லாத்தான் இருக்கேன். வெயில்ல நீங்க வராதீங்க" என்றாள். மெதுவாகச் சொன்னாள். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

இங்கேயே நிறுத்துகிறேன் மச்சி. சட்டையை மாட்டிக்கொண்டு சாந்தோமுக்குக் கிளம்ப வேண்டும்.